மோட்டார் கடனில் எர்த்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்



போன மாதக் கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு அக்காவின் விண்ணப்பம், "போர் மோட்டார் காயில் கட்ட" என்று இருந்தது. அதே அக்கா அதே மோட்டாருக்கு ஒரு வருடத்துக்குள் இரண்டாவது தடவை கேட்கிறார். முதல் கடனே இன்னும் முடியவில்லை. ஏன் இப்படிப் போகிறது என்று விசாரித்தோம்.

"என்ன ஆச்சுன்னு தெரியலக்கா. காயில் போறதுக்கு முந்தி ஒரு வாரமா பைப்பத் தொட்டா சுருசுருன்னு இழுத்துச்சு. ஈரத்துல நின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொரு உறுப்பினர் சாதாரணமாகச் சொன்னார்: "எங்க பைப்புலயும் அப்படித்தான் இருக்குது. நாங்க செருப்புப் போட்டுட்டுத் தொடுவோம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அக்காவின் பழைய கடன் மனுவை எடுத்துப் பார்த்தோம். மோட்டார், பைப், கேபிள், ஸ்டார்ட்டர், இறக்குக் கூலி என்று எல்லாம் எழுதியிருந்தது. எர்த் என்று ஒரு வரி இல்லை. ஆள் உயிரையோ மோட்டாரையோ காக்கிற சாமான் ஒன்றுகூட இல்லை. அந்த மனுவைப் படித்துப் பார்த்துத் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்தான். தப்பில் நமக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மோட்டார் வேலை ஆம்பளைங்க சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் காலையில் எழுந்து போய் ஸ்டார்ட்டரை அழுத்துவது யார்? மடை திருப்பிவிட்டு ஈரக் காலோடு வந்து மோட்டாரை நிறுத்துவது யார்? பெரும்பாலும் நாம்தான். ரிப்பேர் பார்க்க நாம் கற்க வேண்டியதில்லை. எது ஆபத்து, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பைப் சுருக்கென்று இழுத்தால்

சப்மெர்சிபிள் மோட்டார் போருக்குள் தண்ணீரில் மூழ்கியே ஓடுகிறது. காயில் கம்பிக்கு மேலும் கேபிளுக்கு மேலும் பிளாஸ்டிக் உறை இருப்பதால்தான் கரண்டு தண்ணீரில் இறங்காமல் இருக்கிறது. அந்த உறை எங்கேயாவது உரசித் தேய்ந்தாலோ, ஜாயிண்ட்டில் தண்ணீர் புகுந்தாலோ, காயில் சூடாகி உறை இளகினாலோ கரண்டு கசியும். கசிந்த கரண்டு மோட்டார் உடம்பு, இரும்பு பைப், தண்ணீர் வழியாக மேலே வரும். நீங்கள் பைப்பைத் தொட்டால் உங்கள் உடம்பு வழியாக மண்ணில் இறங்கும்.

ஆகவே சுருக்கென்று இழுப்பது ஈரத்தால் வருவது அல்ல. ஈரம் அதைக் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கேபிளிலோ மோட்டாரிலோ கசிவு இருக்கிறது என்று மோட்டாரே நமக்குச் சொல்கிற சேதி அது. இன்று சுருக்கென்று இழுப்பது நாளைக்கு ஆளைப் பிடித்துவிடும். செருப்புப் போட்டுக்கொண்டு தொடுவது பரிகாரம் ஆகாது. செருப்பு நனைந்தால் அதுவும் வெறுங்கால் மாதிரிதான்.

எவ்வளவு கரண்டு ஆளைக் கொல்லும் தெரியுமா? வீட்டில் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிய சுமார் 170 மில்லி ஆம்பியர் தேவை. அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியர் தாண்டி உடம்பில் கொஞ்ச நேரம் ஓடினாலே மூச்சுக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் ஆபத்து. ஒரு பல்பு எரியக்கூடப் போதாத கரண்டு ஒரு உயிருக்குப் போதும்.

எர்த் என்ன செய்கிறது

கசிந்த கரண்டு நம் உடம்பு வழியாகப் போகாமல், சுலபமான வேறு பாதையில் மண்ணுக்குப் போகச் செய்வதுதான் எர்த். மெயின் சுவிட்ச் பெட்டி, ஸ்டார்ட்டர் பெட்டி, போர் மேல் உள்ள இரும்புத் தட்டு, பைப், கேசிங் பைப் எல்லாவற்றையும் எர்த் கம்பியோடு சேர்க்க வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டாருக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இருக்க வேண்டும் என்பது மின்சாரப் பாதுகாப்பு விதி. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும்.

எர்த் குழிக்கு இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறிப் போடுவது பழக்கம். மேலே புனல் வைத்து, கோடையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வழி இருக்க வேண்டும். மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்த மாதிரிதான். வேலி முள்கம்பியில் ஒரு சுற்று, கிணற்றுக் கல்லில் ஒரு ஆணி என்று கட்டிவிட்டு "எர்த் போட்டாச்சு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பல ஊரில் இரும்பு பைப்புக்குப் பதில் பிளாஸ்டிக் பைப்பில் மோட்டாரை இறக்குகிறார்கள். பிளாஸ்டிக் வழியாக எர்த் போகாது. அங்கே மோட்டார் உடம்பிலிருந்து மேலே வரை தனியாக ஒரு எர்த் கம்பி கேபிளோடு சேர்த்து வர வேண்டும். மோட்டாரை இறக்கிய பிறகு இதைச் செய்ய முடியாது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எர்த் மட்டும் போதுமா? போதாது

ஒரு கணக்குப் பார்ப்போம். 5 எச்.பி. மோட்டார் ஓட 8, 9 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போலப் பல மடங்கு இழுப்பதால் பியூஸைப் பெரிதாகத்தான் போடுவார்கள். நம் காட்டில் எர்த்தின் தடை 10 ஓம் என்று வையுங்கள். ஒரு ஃபேஸ் 230 வோல்ட் முழுதாக எர்த்தில் இறங்கினாலும் 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர்தான் ஓடும். இதற்குப் பியூஸ் உடனே போகாமலும் இருக்கலாம். பியூஸ் போகாத அவ்வளவு நேரமும் பைப்பில் கரண்டு இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஈ.எல்.சி.பி. வேண்டும். இப்போது கடையில் ஆர்.சி.சி.பி. என்ற பேரில் கிடைக்கிறது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடும். ஆள் உயிருக்குக் காவல் என்றால் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதுதான். 100, 300 என்று எழுதியவையும் உண்டு. அவை மோட்டாருக்கும் தீ விபத்துக்கும் காவல், ஆளுக்கு அல்ல.

மூன்று ஃபேஸுக்கு நான்கு முனை உள்ளதாக வாங்க வேண்டும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் சுவிட்ச் படக்கென்று விழ வேண்டும். நியூட்ரல் இல்லாத மோட்டார் லைனில் சரியாக இணைக்காவிட்டால் இந்தப் பட்டன் வேலை செய்யாது. அதனால் மாட்டிய அன்றே எலக்ட்ரீசியனை வைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள்.

"இது சும்மா சும்மா விழுகுது, கழட்டி வீசிட்டு நேரா குடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது விழுந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேட வேண்டும், காவல்காரனைத் துரத்தக் கூடாது.

காயில் ஏன் கருகுகிறது

கருகும் காயில்களில் நிறைய, மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டதால் கருகுபவை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பியூஸ் போனால் மோட்டார் நின்றுவிடாது. மீதி இரண்டு ஃபேஸில் முக்கிக்கொண்டே ஓடும். மூன்று பேர் தூக்க வேண்டிய மூட்டையை இரண்டு பேர் தூக்குகிற மாதிரி. அந்த இரண்டு லைனிலும் ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்டு ஏறும். காயில் கொதித்து, உறை இளகி, கருகிவிடும். உறை இளகும்போதுதான் கசிவும் ஆரம்பிக்கும். காயில் போகிற கதையும் ஷாக் அடிக்கிற கதையும் வேறு வேறு அல்ல என்பதை இங்கே கவனியுங்கள்.

இதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டரோடு 'சிங்கிள் பேசிங் பிரிவெண்டர்' என்ற சாமான் வைக்க வேண்டும். ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும். போரில் தண்ணீர் வற்றினால் நிறுத்துகிற 'டிரை ரன்' காவலும் சேர்ந்தே வருகிற பெட்டிகள் உண்டு. தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் மோட்டாருக்குக் குளிர்ச்சி. தண்ணீர் இறங்கிப் போய் மோட்டார் வெறுமனே சுற்றினால் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். மோட்டாருக்குப் பேர்போன கோயம்புத்தூர் பக்கத்திலேயே ஆயிரம் அடி தாண்டிப் போர் போடுகிற காலம் இது. தண்ணீர் எந்த நிமிஷம் இறங்கும் என்று மேலே நிற்கிற நமக்குத் தெரியாது.

ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே என்று ஒன்று இருக்கும். அதன் முள்ளை மோட்டார் பிளேட்டில் எழுதியிருக்கிற ஆம்பியருக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் பிளேட்டில் உள்ள அளவே. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் பெரும்பாலும் அதில் 58 சதவீதம். பிளேட்டில் 13 ஆம்பியர் என்றால் ரிலே 7.5 பக்கம் இருக்க வேண்டும். இது தெரியாமல் 13-லேயே வைத்தால் ரிலே கடைசி வரை விழாது, காயில்தான் விழும். மோட்டார் பிளேட் போருக்குள் போய்விடும் என்பதால், இறக்குவதற்கு முன் அதில் உள்ளதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நம்ம ஊரில் நடக்கிற சில வழக்கங்களைக் கட்டாயம் விட வேண்டும்:

• பியூஸ் கம்பிக்குப் பதில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவது.

• ஸ்டார்ட்டர் பிடிக்கவில்லை என்று குச்சி சொருகி வைப்பது. குச்சி சொருகினால் ரிலேயும் பிரிவெண்டரும் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

• இரண்டு ஃபேஸ் மட்டும் வரும்போது கண்டன்சர் போட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டுவது. இதற்காகவே பிரிவெண்டரைக் கழட்டி வைக்கிறவர்கள் உண்டு.

விவசாயத்துக்குக் கரண்டு பில் கிடையாது என்று சந்தோஷப்படுகிறோம். கருகின காயிலுக்கு வருகிற பில்லை நாம்தான் கட்டுகிறோம். அதுவும் வட்டியோடு.

மோட்டார் இறக்குகிற நாள்

அன்றைக்கு நீங்கள் அங்கே நிற்க வேண்டும். டீ போட்டுக் கொடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். இவற்றைப் பாருங்கள், கேளுங்கள்:

1. முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி போனால், பைப்பைத் தூக்கும்போது முட்டிவிடும். ஒரு இரும்பு பைப் 20 அடி நீளம். கம்பி பக்கத்தில் இருந்தால் ஈ.பி. ஆபீஸில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

2. மோட்டாரிலும் பம்பிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 8034.

3. தண்ணீர் நிரப்புகிற வகை மோட்டார் என்றால் சுத்தமான தண்ணீரைக் காற்றுக் குமிழி போகும் வரை நிரப்பி மூட வேண்டும். "ஓடுதா பாப்போம்" என்று தரையில் வைத்து ஓட்ட விடாதீர்கள்.

4. கேபிள் ஜாயிண்ட்தான் உயிர்நாடி. மூன்று கம்பியையும் ஒரே இடத்தில் இணைக்காமல் மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளி இணைக்க வேண்டும். ரப்பர் டேப் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப் சுற்ற வேண்டும். பிறகு ஜாயிண்ட்டை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து 'மெக்கர்' கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் இறக்கக் கூடாது.

5. கேபிளைப் பிடித்து மோட்டாரை இறக்கவோ தூக்கவோ கூடாது. சுமார் 3 மீட்டருக்கு ஒரு இடத்தில் கேபிளைப் பைப்போடு கிளிப் போட்டுக் கட்ட வேண்டும். தொங்கினால் கேசிங்கில் உரசி உறை தேயும்.

6. ஓடவிட்ட பிறகு தண்ணீர் குறைவாக வந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். மெயினை நிறுத்திவிட்டு மூன்றில் ஏதாவது இரண்டு கம்பியை மாற்றிப் போட்டால் சரியாகும்.

வேலை செய்கிறவர், மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேனாக இருக்க வேண்டும். "சான்று இருக்கா அண்ணா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். சொந்தக்காரப் பையன் இலவசமாகச் செய்து தருகிறான் என்றால் பைப் தூக்கச் சொல்லுங்கள். லைன் கொடுக்க வேண்டாம்.

தினமும் நாம் செய்ய வேண்டியது

ஸ்டார்ட்டரைத் தொடும் முன் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டருக்கு முன்னால் காய்ந்த மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போட்டு அதன்மேல் நின்று அழுத்துங்கள். பெட்டிக் கதவு மூடியே இருக்க வேண்டும். பல்லி, எலி, குளவி உள்ளே போனாலும் கோளாறு வரும். மழை ஒழுகும் கொட்டகையில் பெட்டியை வைக்காதீர்கள்.

நிறுத்திய மோட்டாரை உடனே போடாதீர்கள். பைப்பில் உள்ள தண்ணீர் கீழே இறங்கும்போது பம்ப் பின்பக்கம் சுற்றும். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

தண்ணீர் குறைவது, சத்தம் மாறுவது, ஆம்பியர் முள் வழக்கத்தைவிட ஏறி நிற்பது, ஈ.எல்.சி.பி. விழுவது எல்லாம் எச்சரிக்கை. அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

ரிப்பேர் என்று யார் ஸ்டார்ட்டரைத் திறந்தாலும் முதலில் மெயினை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கி நீங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து அவர் கேட்டால்தான் கொடுக்க வேண்டும். ஆட்டோ சுவிட்சும் செல்போனில் போடுகிற ஸ்டார்ட்டரும் இப்போது நிறைய வந்துவிட்டன. இங்கே ஒருவர் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, வீட்டிலிருந்து ஒருவர் போனில் மோட்டாரைப் போட்டுவிட்டால்? பியூஸ் கட்டை உங்கள் கையில் இருந்தால் அந்தப் பயம் இல்லை. கண்டன்சர் மட்டும் மெயினை நிறுத்திய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். அதில் கை வைக்கக் கூடாது.

பைப் இழுக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் கையை எடுத்து, மெயினை நிறுத்தி, பிள்ளைகளையும் மாடு கன்றுகளையும் தொட்டிப் பக்கம் விடாமல், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகம் 94987 94987 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஒருவேளை ஷாக் அடித்துவிட்டால்

பதறி ஓடிப்போய் ஆளைத் தொட்டுவிடாதீர்கள். மகனைப் பிடித்து இழுக்கப் போன அம்மாவும் சேர்ந்து போன கதை பல ஊரில் உண்டு. முதலில் மெயினை நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஆளைக் கம்பியிலிருந்து தள்ளுங்கள். பச்சைக் கொம்பு, இரும்புக் கம்பி, ஈரத் துணி கூடாது.

108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். ஆளுக்குப் பேச்சு மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, நடுநெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்துங்கள். நெஞ்சு 5 சென்டிமீட்டர் உள்ளே போகும் அளவுக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பழகியவர்கள் 30 அழுத்தலுக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதலாம். பழகாதவர்கள் அழுத்தினால் மட்டும் போதும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும்.

குழுவில் எடுக்க வேண்டிய தீர்மானம்

இனிமேல் மோட்டாருக்குக் கடன் கேட்டு மனு வந்தால் அதில் இந்த ஐந்து வரியும் இருக்கிறதா என்று ஊக்குநரும் பிரதிநிதிகளும் பார்க்க வேண்டும்:

1. எர்த் குழி இரண்டு
2. ஈ.எல்.சி.பி., 30 மில்லி ஆம்பியர்
3. பிரிவெண்டரும் டிரை ரன் காவலும்
4. கேபிள் ஜாயிண்ட், மெக்கர் சோதனை
5. சான்று பெற்ற வயர்மேன் கூலி

இந்த வரிகள் இல்லாவிட்டால் மனுவைத் தள்ளிவிட வேண்டாம். திருப்பிக் கொடுத்து, சேர்த்து எழுதி வாங்கி, அதற்கும் சேர்த்துக் கடன் கொடுங்கள். ஏற்கெனவே மோட்டார் ஓடுகிறவர்கள் எர்த்துக்கும் ஈ.எல்.சி.பி.க்கும் மட்டும் உள்கடன் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம். காயில் கட்டுகிற செலவோடு பார்த்தால் இது பெரிய தொகை இல்லை.

அந்த அக்காவுக்கு இந்தத் தடவை கடன் கொடுத்தோம். எர்த்தும் ஈ.எல்.சி.பி.யும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் கொடுத்தோம். பின்னால் உட்கார்ந்து பேசிய அந்த உறுப்பினரிடம், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மெயினை நிறுத்தச் சொன்னோம். மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து பார்த்ததில் போர் வாயிலேயே கேபிள் உரசி, உள்ளே செம்பு தெரிந்ததாம். அந்தப் பைப்படியில்தான் அவருடைய பேத்தி தினமும் குளிக்கிறாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யார் வீட்டுப் பைப் சுருக்குன்னு இழுக்குது?" கை தூக்குகிறவர்களின் பெயரை அன்றே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.